ஜார்ஜ்டவுனில் ஆறாவது சுற்று

பினாங்குக்குச் சாப்பிடுவதற்கென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுவர் ஓவியங்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. முப்பத்தாறு வயதில், கிள்ளானில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கும் நான், அட்டை விளையாடப் போனேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்கள் இந்தப் பத்தி முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள், தெரியாதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை. அறுபது அட்டைகள் கொண்ட ஒரு கட்டு உங்களிடம், இன்னொன்று எதிரே இருப்பவரிடம். இருவருக்கும் ஆளுக்கு ஆறு விளக்குகள். எதிராளியின் ஆறு விளக்குகளையும் யார் முதலில் அணைக்கிறாரோ அவருக்கு அந்த ஆட்டம். மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுத்தால் ஒரு சுற்று உங்களுடையது. மற்றதெல்லாம் படங்கள்தான்: திமிங்கிலம், மூடுபனி, தீப்பற்றிய குருவிகள். என்னுடையது திமிங்கிலக் கட்டு. மெதுவாக வரும், வந்துவிட்டால் அசையாது. உன் குணத்துக்குப் பொருத்தம் என்று என் கணவர் சொல்வார். பாராட்டாகச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

இனி, ஏன் போனேன் என்பது. செப்டம்பரில் லிஸ்பனில் உலக இறுதிப் போட்டி. அதற்கு அழைப்பு வர வேண்டுமானால் ஜூன் முடிவதற்குள் முந்நூறு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக நானும் சேர்க்கிறேன், ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். இந்த ஆண்டு ஷா ஆலாம், ஈப்போ, ஜோகூர் பாரு என்று அலைந்து இருநூற்று அறுபத்தைந்து வரை வந்துவிட்டேன். மிச்சம் முப்பத்தைந்து. இந்தப் பருவத்தின் கடைசித் தகுதிப் போட்டி ஜார்ஜ்டவுனில், ஜூன் கடைசிச் சனிக்கிழமை. முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் நாற்பது புள்ளி. ஒன்பதிலிருந்து பதினாறு வரை இருபது. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஆகஸ்டு முதல் தேதி எனக்குத் தாவாவுக்கு மாற்றல். சபாவின் அந்தக் கோடியில் இந்த ஆட்டத்துக்குத் தகுதிப் போட்டி நடத்துகிற கடை ஒன்றுகூட இல்லை. மாதாமாதம் விமானம் ஏறி வந்து விளையாட என் சம்பளமும் விடாது, என் மேலதிகாரியும் விடமாட்டார். ஆக, இந்தச் சனிக்கிழமை இல்லையென்றால் இல்லை. செப்டம்பருக்கு விடுப்புக்கூட எழுதிக் கொடுத்துவிட்டேன், அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை. பன்னிரண்டு மணிக்குக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன், கேஎல் சென்ட்ரலுக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து இரண்டு மணிக்கு பட்டர்வொர்த் செல்லும் விரைவு ரயில். டிக்கெட் எழுபத்தொன்பது வெள்ளி, ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், நாலேகால் மணிப் பயணம். பள்ளி விடுமுறைக் காலமென்றால் மூன்று வாரத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள், பிறகு இடம் கிடைக்காது. வலது பக்க ஜன்னல் கேளுங்கள். தைப்பிங் நெருங்கும்போது மலைகள் அந்தப் பக்கம்தான் வரும்.

ரயிலில் நான் தூங்குவதில்லை. ஆனால் விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. மழை வந்தது, போனது, ஈப்போ வந்தது, போனது. மடியில் அட்டைப் பெட்டி. கண்ணை மூடினால் மனத்துக்குள் கட்டைக் கலைத்து ஏழு அட்டை எடுத்துப் பார்ப்பேன், திறந்தால் வெளியே நெல் வயலில் தண்ணீர் நிற்கும், அதில் வானம் கிடக்கும். இரண்டில் எது எங்கே முடிகிறது என்பது பட்டர்வொர்த்தையும் தாண்டிய சுங்கை பட்டாணி வரை தெரியவில்லை என்று எழுதலாம்தான், ஆனால் இந்த ரயில் பட்டர்வொர்த்தோடு நின்றுவிடும். ஆறேகாலுக்கு இறங்கினேன்.

நிலையத்திலிருந்து கூரை போட்ட நடைபாதையில் பத்து நிமிடம் நடந்தால் படகுத்துறை. கட்டணம் இரண்டு வெள்ளி, ரொக்கம் வாங்குவதில்லை, வங்கி அட்டையோ கைபேசியோ கையில் இருக்கட்டும். பாலத்தில் கார் பிடித்துப் போனால் ஐம்பது வெள்ளிக்கு மேல் ஆகும், நெரிசலும் இருக்கும். அதோடு, படகை விட்டுவிட்டு எதற்காக பினாங்குக்குப் போக வேண்டும் என்பது எனக்குப் புரியவே இல்லை.

பதினைந்து நிமிடம்தான் அந்தக் கடல். சூரியன் தீவின் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. லேசான புகைமூட்டம். அதற்குள் ஜார்ஜ்டவுன் இன்னும் முழுக்க வரைந்து முடிக்காத படம் போலத் தெரிந்தது. தண்ணீரில் வெள்ளிச் செதில். பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தது. எல்லாரும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குழந்தைகூட. எனக்கு அப்போது முப்பத்தைந்து புள்ளியும் வேண்டாம், லிஸ்பனும் வேண்டாம், இந்தப் படகு அக்கரை சேராமல் இப்படியே போனால் போதும் என்று இருந்தது. இறங்கியதும் அந்த எண்ணம் போய்விட்டது, வேறு விஷயம்.

கடல் காற்றைப் பற்றி ஓர் அவசரக் குறிப்பு. பளபளப்பு அட்டைகள் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு அவை அப்பளம் மாதிரி வளைந்துவிடும். கட்டில் நாலு அட்டை மட்டும் வளைந்திருந்தால் நடுவர் அதை அடையாளமிட்ட அட்டை என்பார், நீங்கள் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும். மருந்து டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருக்கும் அல்லவா, அதில் நாலைந்தைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். எங்கள் வேலையில் அதற்குப் பஞ்சமில்லை.

படகுத்துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான், பத்துப் பன்னிரண்டு நிமிடம். குயின் ஸ்திரீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அறை, ஓர் இரவு தொண்ணூற்றைந்து வெள்ளி, சுத்தமாக இருந்தது, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். பையை வைத்துவிட்டு மார்க்கெட் ஸ்திரீட்டில் நடந்தேன். கடைக்குக் கடை ஒலிபெருக்கி, ஒரு பாட்டின் சரணத்தில் நுழைந்து அடுத்த பாட்டின் பல்லவியில் வெளியே வந்தேன். மல்லிகை, சாம்பிராணி, மிளகாய்த்தூள், புதுத்துணி என்று ஒவ்வொரு பத்தடிக்கும் வாசனை மாறியது. தோசையும் தேத்தண்ணியும் ஆறு வெள்ளி. ஒரு நகைக்கடைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஊருக்குப் புதிதாக வந்தவள் போல இல்லை, யாரோ கனவில் கண்டுகொண்டிருக்கிற ஆள் போல இருந்தேன். ஒன்பதரைக்குத் தூங்கிவிட்டேன். நம்புங்கள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கைபேசியில் கார் அழைத்தேன். போட்டி நடந்த இடம் பினாங்கு சாலையில் ஒரு வணிக வளாகத்தின் நான்காம் மாடி, ஏழு வெள்ளி. ஓட்டுநர் ஐம்பது வயதுத் தமிழர், என் மடியிலிருந்த பெட்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன தங்கச்சி, நகையா?"

"இல்லண்ணே, அட்டை. விளையாடுறது. இதுக்குன்னே கிள்ளான்ல இருந்து வந்தேன்."

"சீட்டா? கிள்ளான்ல இருந்து சீட்டாட வந்தீங்களா?"

"சீட்டு இல்லண்ணே. இது வேற. போட்டி நடக்குது."

"காசு வெச்சா?"

"காசு கிடையாது. புள்ளிதான்."

அவர் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார். "புள்ளிய வெச்சு என்னா செய்வீங்க?"

"முந்நூறு சேர்ந்தா லிஸ்பன் போகலாம்."

"டிக்கெட் அவங்க குடுப்பாங்களா?"

"நம்மதான் எடுக்கணும்."

விளக்கு பச்சையானதும் வண்டியை எடுத்தார். இறங்கும்போது, "சரி லா, நல்லா ஆடுங்க, வந்தது வந்துட்டீங்க," என்றார். அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் கேட்டேன் என்று பிறகு தோன்றியது.

நுழைவுக் கட்டணம் தொண்ணூறு வெள்ளி. கட்டில் உள்ள அறுபது அட்டைகளின் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும், நான் கிள்ளானிலேயே எழுதி மூன்று தடவை சரிபார்த்திருந்தேன். மொத்தம் அறுபத்து நான்கு பேர், ஆறு சுற்று, சுற்றுக்கு ஐம்பது நிமிடம். நடுவர்கள் நான்கு பேர், கறுப்புச் சட்டையில். தலைமை நடுவர் ஒரு சீனர். இன்னும் இருவர் மலாய்க்காரர்கள். நான்காவது புவனா என்ற பெண், கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் வேலை, வார இறுதியில் நடுவர். பதிவு மேசையில் என் பெயரைப் பார்த்ததும் சிரித்து, "வாங்கக்கா, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க," என்றார்.

சரியாகப் பத்து மணிக்கு, அறுபத்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் அட்டை கலைத்தோம். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். எனக்கு இந்த உலகத்திலேயே மிகவும் பிடித்த சத்தம் அது, சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடத்தில் ஜன்னல் கிடையாது. நீலக் கம்பளம், குளிர்சாதனம், வெள்ளை விளக்கு. உள்ளே நேரம் இல்லை, சுற்றுகள்தான். முதல் சுற்றில் என் மூடுபனி இறங்கியது, திமிங்கிலங்கள் ஒவ்வொன்றாக எழும்பின, அலோர் ஸ்டாரிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவரின் விளக்குகள் மெல்ல அணைந்தன. இரண்டாவது சுற்றும் என்னுடையது. மூன்றாவதில் ஒருவர் குருவிக் கட்டோடு வந்தார். குருவிகள் வேகமானவை. மூடுபனி இறங்குவதற்குள் என் ஆறு விளக்கும் போய்விட்டன, இரண்டு ஆட்டமும் சேர்த்து இருபத்திரண்டே நிமிடம். நான்கு, ஐந்து மறுபடி எனக்கு. ஐந்தில் நான்கு வெற்றி, ஒரு தோல்வி.

நடுவில் அரை மணி இடைவேளையில் கீழே போய் ஒரு நாசி கண்டார் சாப்பிட்டேன், பதினொரு வெள்ளி ஐம்பது சென். குழம்பு நிறைய ஊற்றச் சொன்னது தவறு. அதன் பிறகு நான் நடக்கவில்லை, மிதந்தேன். நன்றாக விளையாடும் நாட்களில் எனக்கு இப்படி ஆகும். கை தானாகச் செய்யும், நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அது நல்லதுதான், வாயைத் திறக்காத வரை.

ஆறாவது சுற்று மாலை நாலரைக்கு. திரையில் பட்டியல் வந்தது. எனக்கு நான்காம் மேசை. ஜெயிக்கிறவர் எட்டுக்குள் நிச்சயம். தோற்கிறவர் வெளியே. சமநிலை என்றால் இருவருக்கும் சந்தேகம். எதிரே சேவியர் என்று போட்டிருந்தது.

அவரைக் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயான் பாருவில் வீடு, பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். நாலாவது சுற்றின்போது பக்கத்து மேசையில் இருந்தார், தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் நான் திணறியபோது வாங்கித் திறந்து கொடுத்தார். அவருடையது குருவிக் கட்டு. உட்கார்ந்ததும் மூன்றாவது சுற்றின் அந்த இருபத்திரண்டு நிமிடம்தான் ஞாபகம் வந்தது.

முடிவு எழுதும் சீட்டு இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர் அட்டை கலைத்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, உங்களுக்கு எத்தன புள்ளி வேணும்?"

"முப்பத்தஞ்சு. எட்டுக்குள்ள வந்தா போதும் தம்பி. இதுதான் கடைசி. ஆகஸ்டுல தாவாவுக்கு மாத்திட்டாங்க."

"தாவாவா? அங்க ஒண்ணுமே இல்லையேக்கா."

"ஒண்ணுமே இல்ல."

அவர் கலைப்பதை நிறுத்தினார். "எனக்கு மே மாசமே முந்நூறு தாண்டிருச்சு. இன்னைக்குச் சும்மாதான் வந்தேன், வீட்ல இருந்தா தூங்கிருவேன்னு. நான் விட்டுடறேன். நீங்க போங்க லிஸ்பனுக்கு. அங்க பார்ப்போம்."

வெளியார் இதைச் சூதாட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஒரு சுற்றை விட்டுக்கொடுக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. கடைசிச் சுற்றில் அழைப்புக் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களுக்கு விட்டுக்கொடுப்பது எங்கள் கூட்டத்தில் வழக்கம்கூட. ஒரே நிபந்தனை: அதற்குப் பதிலாக எதுவும் தரக்கூடாது, தருவதாகச் சொல்லவும் கூடாது. பணம், அட்டை, ஒரு கோப்பைத் தேத்தண்ணி, எதுவும். கிள்ளானில் எங்கள் கடைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

சேவியர் பேனாவை எடுத்துச் சீட்டின் பக்கம் குனிந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான்கு வருடம். ஈப்போவிலும் ஜோகூரிலும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடிய ஞாயிறுகள். குருவிகளோடு மோத வேண்டியதில்லை என்ற நிம்மதியும் இருந்தது, மறைப்பானேன். அந்த மிதப்பில், ஒரு தமிழ்ப் பொம்பளை வாயிலிருந்து நன்றிக்குப் பதிலாக என்ன வருமோ அது வந்தது.

"ரொம்பப் பெரிய மனசு தம்பி உங்களுக்கு. ராத்திரி சாப்பாடு என்னோடது. எங்க வேணும்னாலும் சொல்லுங்க, நான் வாங்கித் தர்றேன்."

சேவியர் சிரித்தார். பேனா இன்னும் சீட்டைத் தொடவில்லை. அந்தக் கூடத்தில் நான்கு நடுவர்கள். மூன்று பேருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் புவனா.

"அக்கா," என்றார் மெதுவாக. "இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பசிக்கிறது என்று சொன்னேன் என்று சொல்லிவிடலாம். சேவியரைப் பார்த்தேன், அவர் கண்ணிலும் அதே யோசனை ஓடியது. நான் பொய் சொன்னால் அவரும் சேர்ந்து சொல்ல வேண்டும், மாட்டினால் அவர் சேர்த்து வைத்த அழைப்பும் போகும். நான் பெரிய உத்தமி ஒன்றும் இல்லை. ஆனால் தனக்கென்று எதுவும் கேட்காமல் பேனாவை எடுத்த மனிதர் அவர்.

"சாப்பாடு வாங்கித் தர்றேன்னு சொன்னேன்," என்றேன். "அவர் எதுவும் கேக்கல. சரின்னும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

புவனா சீட்டைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல," என்றார் சேவியர். "அக்கா மரியாதைக்குச் சொன்னாங்க சிஸ். நம்ம ஆளுங்க எல்லாம் இப்படித்தானே லா. உங்க வீட்டுக்கு வந்தா நீங்க சாப்பிடச் சொல்ல மாட்டீங்களா?"

"சொல்வேன்," என்றார் புவனா. "அதனாலதான் எனக்குக் கஷ்டமா இருக்கு." அவர் தலைமை நடுவரிடம் போனார். இருவரும் விதிப் புத்தகத்தைத் திறந்து பேசுவது தெரிந்தது. பன்னிரண்டு நிமிடம். சுற்றிலும் அட்டை கலைக்கும் தூறல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்தபோது புவனா குத்துக்காலிட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். பதில் உதவி சொல்வது தெரிந்து செய்ததென்றால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். தெரியாமல் வாய்தவறிச் சொன்னதென்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் இந்தச் சுற்று மட்டும் எனக்குத் தோல்வி. சேவியருக்கு வெற்றி. "ஒரு அஞ்சு செகண்ட் கழிச்சுச் சொல்லியிருந்தா அது வெறும் சாப்பாடுக்கா," என்றார். "எனக்குக் காது கேக்காம இருந்திருக்கலாம்."

கழிவறைக்குப் போய் அழுதேன். அழகாக எல்லாம் இல்லை, மூக்கு ஒழுக அழுதேன். என் மேலேயே அவ்வளவு ஆத்திரம். முகம் கழுவி வெளியே வந்தால் திரையில் இறுதிப் பட்டியல். எனக்குப் பதினேழாவது இடம். பதினாறு வரைதான் புள்ளி, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சேவியருக்கு ஐந்தாவது இடம். கால் இறுதி ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. மற்ற ஏழு பேரும் சாப்பிடவோ புகைக்கவோ போய்விட்டார்கள். அவர் மட்டும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு காலி மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அந்த ஆட்டத்த ஆடிப் பாத்துருவோமா? எனக்கு மனசு கேக்கல."

"இனிமே ஆடி என்ன ஆகப்போவுது?"

"ஒண்ணும் ஆகாது. சும்மா."

ஆடினோம். முதல் ஆட்டத்தில் என் கையில் இரண்டாவது முறையிலேயே மூடுபனி வந்துவிட்டது. குருவிகள் அதற்குள் நுழைந்து வழி தெரியாமல் நின்றன. மூன்றாம் சுற்றில் நான் செய்த தவறு என்ன என்பது அப்போதுதான் தெரிந்தது: அந்தச் சுற்றில் திமிங்கிலத்துக்காக அவசரப்பட்டுவிட்டேன். இப்போது அவசரம் எதற்கு? ஒன்றும் மிச்சமில்லையே. காத்திருந்தேன். ஒரு விளக்கு, இன்னொரு விளக்கு. இரண்டாவது ஆட்டம் நீளமாகப் போனது. சேவியர் விட்டுக்கொடுத்து ஆடவில்லை, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். நெற்றியில் வேர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினார். எனக்கு இரண்டே விளக்குகள் மிச்சம் இருந்தபோது என் மூன்றாவது திமிங்கிலம் எழும்பியது. முப்பத்தொரு நிமிடத்தில் அவருடைய கடைசி விளக்கு அணைந்தது. இரண்டுக்குப் பூஜ்யம்.

சேவியர் தன் அட்டைகளைச் சேர்த்து அடுக்கினார். "அக்கா," என்றார், "நான் பேசாம ஆடியிருக்கலாம்."

"நானும்தான்," என்றேன். அவரைக் கால் இறுதிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதில் அவர் தோற்றார். நான் கடைசிவரை நின்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படகில் திரும்பினேன். புகைமூட்டம் விலகி ஊர் பளிச்சென்று இருந்தது, ஒவ்வொரு ஜன்னலும் எண்ணலாம் போல. வெள்ளிக்கிழமை பார்த்த தீவுதானா என்று சந்தேகமாக இருந்தது.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு: மூன்று நாளைக்கு, போக்குவரத்து, அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்நூற்று முப்பது வெள்ளி ஆனது. வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள், காலை ரயிலில் போய் அன்றைக்கே ஆடுவது முட்டாள்தனம். லிட்டில் இந்தியாவில் தங்கினால் படகுத்துறையும் சாப்பாடும் நடக்கிற தூரத்தில் இருக்கும், நகருக்குள் இலவசப் பேருந்தும் ஓடுகிறது. கூடத்துக்குள் குளிரும், ஒரு சட்டை அதிகமாகக் கொண்டுபோங்கள். மத்தியானம் குறைவாகச் சாப்பிடுங்கள். படகில் மேல் தளத்தில் நில்லுங்கள்.

புவனா மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்ததை நானும் செய்திருப்பேன். அந்த விதியும் சரியான விதிதான், இல்லாவிட்டால் காசுள்ளவர்கள் சுற்றை வாங்கிவிடுவார்கள். சாப்பாடு என்று வாய் திறந்ததுகூட இப்போது அவ்வளவாக உறுத்தவில்லை, அது என் பிறவிக்குணம், மாற்றிக்கொள்ள உத்தேசமும் இல்லை. உறுத்துவது வேறு. சேவியர் விட்டுடறேன் என்றபோது நான் சந்தோஷப்பட்டது. குருவிகளைப் பார்த்துப் பயந்து, நானூறு கிலோமீட்டருக்குப் பக்கமாக வந்து சேர்ந்த பிறகு, ஆடாமல் இருக்க ஒரு வழி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடைசிச் சுற்றில் எதிரே இருப்பவர் விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னால், தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டு, கட்டைக் கலையுங்கள். தோற்றால் தோற்றுப்போனோம் என்று வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். என்னிடம் இருப்பது ஒரு வெற்றி. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.